பிரசங்கிக்க வெளிநாடு போகிறீர்களா? ஊழியர்களுக்கான முழுமையான பயண வழிகாட்டி

திருச்சியில் இரவு விமானம் ஏறினால் விடியும்போது சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கிவிடலாம். பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். இந்த எளிமைதான் நம் ஊழியர்கள் பலரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. அங்கிருக்கும் ஒரு விசுவாசி போன் செய்து, "வாங்க பாஸ்டர், மூணு கூட்டம் வெச்சிருக்கோம்" என்கிறார். இங்கே யாரோ ஒரு தம்பி மலிவு டிக்கெட்டைத் தேடிப் பிடித்துப் போட்டுவிடுகிறார். விண்ணப்பத்தில் "சுற்றுலா" என்று எழுதி, பைபிளைப் பெட்டியின் அடியில் வைத்துப் புறப்பட்டுவிடுகிறார் ஊழியர்.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சத்தியத்தைப் போதிக்கப் போகிறவர் இமிகிரேஷன் மேசையில் பொய் சொல்லி ஒரு நாட்டுக்குள் நுழையக் கூடாது. "ஆத்துமாக்களுக்காகத்தானே" என்ற சமாதானம் அதைச் சரியாக்கிவிடாது. பிடிபட்டால் அவமானம் உங்களோடு நிற்காது. அழைத்த சபையின் அடுத்த விண்ணப்பத்தையும் அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நேர்மையாகப் போவதற்கு பெரும்பாலான நாடுகளில் வழி இருக்கிறது. கொஞ்சம் முன்கூட்டியே தொடங்க வேண்டும், அவ்வளவுதான். நாலைந்து மாதம் கையில் இருந்தால் நல்லது. டிக்கெட் எடுப்பது கடைசிப் பக்கத்து வேலை.

படி 1: அனுப்புகிற சபை, அழைக்கிற சபை

அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத்தில் பர்னபாவும் சவுலும் தாங்களாகக் கிளம்பவில்லை. அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. அடுத்த அதிகாரத்தின் முடிவில் அதே சபைக்குத் திரும்பி வந்து, நடந்ததையெல்லாம் அறிவித்தார்கள். நம் பயணத்துக்கும் இந்த இரண்டு முனைகளும் வேண்டும்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகர் என்றால் பேராயரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெறுங்கள். சுயாதீன சபை என்றால் மூப்பர் குழுவில் பேசி ஒரு தீர்மானம் போட்டு, சபை லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். அதில் நீங்கள் யார், எத்தனை ஆண்டுகளாக அந்தச் சபையில் ஊழியம் செய்கிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வெளியே இருப்பீர்கள், அந்த நாட்களிலும் சம்பளம் தொடருமா என்ற விவரங்கள் இருக்க வேண்டும். விசா அதிகாரிக்குத் தெரிய வேண்டியது, இவர் திரும்பி வருவாரா என்பதுதான். அதற்கு இந்தக் கடிதம்தான் பதில். தனியாளாக, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் உலகம் சுற்றும் ஊழியம் எனக்கு ஒப்புதல் இல்லை. அனுப்பவும் கண்டிக்கவும் ஒரு சபை இல்லாதவர் முதலில் அதைத் தேடிக்கொள்ளட்டும்.

அழைப்பு ஒரு தனிநபரிடமிருந்து வராமல் சபையிடமிருந்து வர வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிகன் சபைகள் வெகுகாலமாக இருக்கின்றன. அவற்றுக்கு முறையான நிர்வாகமும் செயலாளரும் உண்டு. அங்கிருந்து வரும் கடிதத்துக்கு எடை அதிகம். வாடகை மண்டபத்தில் கூடும் சிறிய குழு அழைத்தாலும் போகலாம். ஆனால் அது சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா, உங்களுக்காக அனுமதி விண்ணப்பிக்க அதற்குத் தகுதி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "அதெல்லாம் வந்ததும் பாத்துக்கலாம் ஐயா" என்று பதில் வந்தால், அந்தப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

அழைப்புக் கடிதத்தில் சபையின் பெயர், பதிவு எண், முகவரி, கூட்டங்களின் தேதி, இடம், தலைப்பு, நீங்கள் தங்கும் முகவரி, டிக்கெட்டுக்கும் தங்குவதற்கும் யார் செலவு செய்கிறார்கள், பொறுப்பாளரின் போன் எண் எல்லாம் இருக்கட்டும். கடிதத்தில் ஒன்று, விண்ணப்பத்தில் வேறொன்று என்று இருக்கவே கூடாது.

இந்தக் கட்டத்திலேயே அழைக்கும் சபையிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: உங்களுக்கு என்ன தேவைப்படுகிறது? பல சபைகளுக்கு இன்னொரு எழுப்புதல் கூட்டத்தைவிட, வேதத்தை ஒழுங்காகத் திறந்து சொல்லித்தரும் ஆள்தான் தேவை. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமைப் பயிற்சி கொடுத்தால் அது நீங்கள் திரும்பிய பிறகும் அங்கே வேலை செய்யும்.

படி 2: பாஸ்போர்ட், முக்கியமாகப் பெயர்

பாஸ்போர்ட் நீங்கள் போகும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். ஒன்றிரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். தமிழர்களுக்கு அதிகத் தொல்லை தருவது பெயர்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல்தான். பலருடைய பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும், மற்றக் கட்டம் காலியாக இருக்கும். ஒரே சொல் மட்டும் பெயராக உள்ள பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து வருகை விசாவில் அனுமதி மறுக்கத் தொடங்கியது. உங்கள் பாஸ்போர்ட்டில் வெறும் "சாமுவேல்" என்று மட்டும் இருந்தால், அழைப்பு வருவதற்கு முன்பே தந்தை பெயரைச் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

டிக்கெட், விசா, அழைப்புக் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே வர வேண்டும். சபையில் உங்களை "பாஸ்டர் ஜான்சன்" என்று அழைக்கலாம். பாஸ்போர்ட்டில் "ஜான்சன் தேவசகாயம்" என்றிருந்தால் கடிதத்திலும் அதுவே இருக்க வேண்டும். டிக்கெட் பதிவு செய்யும்போது பெயருக்கு முன்னால் "ரெவரெண்ட்", "பாஸ்டர்", "டாக்டர்" எதையும் பெயர்க் கட்டத்தில் சேர்க்காதீர்கள். பாசத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவர்கள் அடிக்கடி செய்வது இதுதான். டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துச் சரிசெய்தால் வேலை லேசு. செக்-இன் கவுன்டரில் நின்றுகொண்டு சரிசெய்வது பெரும்பாடு.

படி 3: எந்த அனுமதியில் போகிறீர்கள்?

இந்த வழிகாட்டியின் முக்கியப் பகுதி இதுதான். அவசரப்படாமல் படியுங்கள். நாட்டுக்குள் நுழைய விசா தேவையில்லை என்பது ஒன்று; அந்த நாட்டில் பிரசங்கிக்கலாம் என்பது வேறொன்று.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கே மதம் சார்ந்த பேச்சு, கருத்தரங்கு, கூட்டம் எதிலும் வெளிநாட்டு ஊழியர் பேச வேண்டுமானால் மனிதவள அமைச்சின் மிசலேனியஸ் வொர்க் பாஸ் என்ற குறுகியகால அனுமதி வேண்டும். சம்பளம் வாங்காமல் பேசினாலும் வேண்டும். ஒரே ஒரு ஞாயிறு ஆராதனையில் பேசினாலும் வேண்டும். அதிகபட்சம் 60 நாட்களுக்கு இது கிடைக்கும். விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, சிங்கப்பூரில் உங்களை அழைக்கும் சபை. பேசப்போகும் விஷயம், உங்கள் பின்னணி எல்லாம் பரிசீலிக்கப்படும். அதனால் சபைக்கு உங்கள் விவரங்களை மாதக்கணக்கில் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். அனுமதி கைக்கு வந்தபிறகுதான் போஸ்டர் அடிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-லிருந்து இருக்கிறது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். 2017 செப்டம்பரில் வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பிரசங்கியார் இருவருக்கு இந்தக் குறுகியகால அனுமதி மறுக்கப்பட்டதாக உள்துறை அமைச்சு அறிவித்தது. மற்ற மதங்களை இழிவாகப் பேசியவர்கள் என்பதுதான் காரணம். அவர்கள் அந்தப் பேச்சுகளைச் சிங்கப்பூரில் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்க் கன்வென்ஷனில் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்ன ஒரு வாக்கியம் யூடியூபில் கிடக்கிறது என்றால், அதுவும் உங்களோடு விமானம் ஏறுகிறது. அப்படி ஏதாவது இருந்தால் விசாவுக்காக மட்டும் நீக்காதீர்கள்; அயலானை இழிவாகப் பேசுவது சுவிசேஷத்தில் சேராது என்பதற்காக நீக்குங்கள்.

மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் இது சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் உரியது. சமய ஊழியத்துக்கு புரொஃபஷனல் விசிட் பாஸ் என்ற தனி அனுமதி இருக்கிறது. அதை மலேசியாவிலுள்ள சபை விண்ணப்பித்து, நீங்கள் வருவதற்கு முன்பே பெற வேண்டும். மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்கள் தங்களுக்கென்று தனிக் குடிநுழைவுக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. கோலாலம்பூரில் இறங்கிவிட்டு, அப்படியே சரவாக்கிலுள்ள கூச்சிங்கில் ஒரு கூட்டம் என்று திட்டம் போட்டால் அதையும் சபையிடம் முன்னமே சொல்லுங்கள்.

மலேசிய அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதக் கொள்கைகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. பல மாநிலங்கள் அப்படிச் சட்டமும் இயற்றியிருக்கின்றன. நடைமுறையில் இதன் பொருள்: தமிழ்ச் சபைக்குள், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தாராளமாகப் போதிக்கலாம். வெளியே கடைத்தெருவில் துண்டுப்பிரதி கொடுப்பது, டாக்ஸி ஓட்டுநருக்கு ஜெபம் செய்வது போன்ற நம் ஊர்ப் பழக்கங்களை அங்கே கொண்டுபோகக் கூடாது. அதனால் ஏற்படும் விளைவு உங்களுக்கு மட்டுமல்ல, அங்கேயே வாழும் சபைக்கும்தான்.

இலங்கைக்குச் சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதி பிரசங்கத்துக்கானது அல்ல. அங்கே கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களம் என்று ஓர் அரசுத் துறை இருக்கிறது. அழைக்கும் சபையிடம் அந்தத் திணைக்களத்தில் விசாரித்து, எந்த விசா என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் வந்துவிட்டது. தூரம் குறைந்ததே தவிர, விதி குறையவில்லை.

வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. துபாயில் ஊது மேத்தாவிலும் ஜெபல் அலியிலும் ஆலய வளாகங்கள் இருக்கின்றன. தோஹாவில் மெசைமீர் பகுதியில் எல்லாச் சபைகளுக்குமான ஒரே பெரிய வளாகம் இருக்கிறது. இந்த எல்லைக்குள் ஆராதனை நடக்கும். எல்லைக்கு வெளியே, குறிப்பாக முஸ்லிம்களிடம், மதப் பிரசாரம் செய்வது குற்றம். சவூதி அரேபியாவில் பொதுவான ஆலயமே கிடையாது. அங்கே "ஒரு சின்ன வீட்டுக் கூட்டம்தான்" என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். பிடிபட்டால் நீங்கள் நாடு திரும்பலாம். அழைத்தவர் வேலையையும் இழந்து, கடனோடு ஊர் திரும்புவார்.

மேற்கத்திய நாடுகளில் வழி கொஞ்சம் அகலம். பிரிட்டனில், வெளிநாட்டில் பணியாற்றும் சமய ஊழியர் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவிலேயே வந்து பிரசங்கிக்கவும் ஆன்மிகப் பணி செய்யவும் விதி இடம் தருகிறது. ஆனால் அங்கே பதவியோ பணி நியமனமோ ஏற்கக் கூடாது. அமெரிக்காவில் பி-1 என்ற குறுகியகால வருகை விசாவில் சுவிசேஷப் பயணம் போகலாம். ஒரே சபையில் பொறுப்பு ஏற்காமல், கூட்டத்துக்குக் கூட்டம் கிடைக்கும் காணிக்கையை ஆதாரமாகக் கொண்டு பயணம் செய்வதை அவர்களுடைய விதிகளே ஏற்கின்றன. ஒரே சபையில் தொடர்ந்து ஊழியம் செய்யப் போவது என்றால் ஆர்-1 விசா. அது வேறு பாதை. கனடாவில் பிரசங்கம், ஆராதனை நடத்துதல், ஆன்மிக ஆலோசனை ஆகியவற்றுக்குத் தனி வேலை அனுமதி தேவையில்லை. விசிட்டர் விசா கட்டாயம் வேண்டும். விண்ணப்பத்தில் பிரசங்கிக்கத்தான் வருகிறேன் என்று எழுதுங்கள். விதியே இடம் கொடுக்கும்போது ஏன் "நண்பரைப் பார்க்க" என்று எழுத வேண்டும்?

நேபாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம் என்பதால் வாலிபர் குழுக்கள் சாதாரணமாகக் கிளம்பிவிடுகின்றன. 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு, ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. தண்டனைச் சட்டத்தில் இதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடுகடத்துவார்கள். போவதென்றால் அங்குள்ள சபையின் அழைப்பில், சபைக்குள் போதிக்க மட்டும் போங்கள். மாலத்தீவில் அதற்கும் இடமில்லை. இஸ்லாம் தவிர வேறு மதத்தைப் போதிப்பது அங்கே சட்டப்படி குற்றம்.

இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கடந்த ஆண்டு போய்வந்தவர் சொன்னதை நம்பி இந்த ஆண்டு போகாதீர்கள். அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தை விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள்.

படி 4: பணத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்

நம்மவர்களுக்குப் பணம் பேசக் கூச்சம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுவார்கள். பிறகு மனக்கசப்பு வரும். டிக்கெட், விசாக் கட்டணம், பயணக் காப்பீடு, தங்குமிடம் யார் பொறுப்பு, காணிக்கை கொடுப்பதாக இருந்தால் யார் கையில், எப்படி என்பதையெல்லாம் மின்னஞ்சலில் தெளிவாக்கிவிடுங்கள்.

இந்தியப் பக்கத்துச் சட்டம் இன்னும் முக்கியம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.), அதன்கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாத சபையோ டிரஸ்டோ வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. பதிவு உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு புதுடெல்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் அவரே சிங்கப்பூர், கனடா குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். "நம்ம ஊர்க்காரர்தானே" என்பது சட்டத்துக்குத் தெரியாது. கூட்டம் முடிந்து யாராவது உறையில் போட்டு "உங்க ஆலயக் கட்டடத்துக்கு ஐயா" என்று நீட்டினால், நன்றி சொல்லி, முறையான வழி எது என்று விசாரித்துச் சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுங்கள். உங்களுக்கென்று கிடைக்கும் காணிக்கையைப் பற்றியும் போகும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

இந்தியாவுக்குத் திரும்பும்போது வெளிநாட்டு நோட்டுகள் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால், அல்லது நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால், சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அவ்வளவு பணம் கையில் வரும்படி பயணத்தை அமைக்காமல் இருப்பதே நல்லது.

அமீரகத்தில் அனுமதியில்லாமல் நன்கொடை திரட்டுவதைத் தடுக்க 2021-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அங்கே மேடையில் நின்று நம் ஊர் அநாதை இல்லத்துக்காகக் கேட்டால் சிக்கலில் மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, அந்த ஆலயமும்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எந்த நாட்டிலும் பிரசங்க மேடையை நிதி கேட்கும் இடமாக்காதீர்கள். யோவானின் மூன்றாம் நிருபம் பயண ஊழியர்களை ஆதரிக்கச் சபைக்குச் சொல்கிறது. அதைச் சபை படித்துக்கொள்ளட்டும், நாம் சுட்டிக்காட்ட வேண்டாம்.

படி 5: டிக்கெட்டும் பெட்டியும்

அனுமதி கைக்கு வந்துவிட்டது. சரி, இப்போது டிக்கெட். போய்வரும் டிக்கெட்டாக எடுங்கள்; திரும்பும் டிக்கெட் இல்லாதவரை விமான நிறுவனமே ஏற்றத் தயங்கும். இரவு விமானத்தில் ஞாயிறு விடியற்காலை இறங்கி, எட்டு மணி ஆராதனையில் பேசுவது வேண்டாம். சிங்கப்பூர், மலேசியா நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே எட்டு என்றால் உங்கள் உடம்புக்கு ஐந்தரை. வெள்ளிக்கிழமையே போய்ச் சேருங்கள். டொரன்டோ போன்ற தூரப் பயணத்துக்கு, பேசும் முன் குறைந்தது இரண்டு இரவுத் தூக்கம் கிடைக்கட்டும்.

வளைகுடாவில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பிரதான ஆராதனை வெள்ளியா, ஞாயிறா? அமீரகம் 2022 ஜனவரியில் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. ஆனாலும் வெள்ளி ஆராதனை நடத்தும் சபைகள் நிறைய.

கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், அனுமதிக் கடிதம், அழைப்புக் கடிதம், அனுப்பும் சபையின் கடிதம், காப்பீடு. எல்லாம் அச்சிட்ட தாளில். போன் சார்ஜ் தீர்ந்து வரிசையில் நிற்பதுபோல் சங்கடம் வேறில்லை. பிரசங்கக் குறிப்பையும் மருந்தையும் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் சட்டை கடன் வாங்கிவிடலாம், இன்சுலின் கடன் வாங்க முடியாது. மருந்தோடு டாக்டர் சீட்டு கட்டாயம். டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள்.

அபிஷேக எண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லியைத் தாண்டக் கூடாது. ஜெபத்துக்கென்று யாராவது அரை லிட்டர் கொடுத்தனுப்பினால் இறுக்கி மூடி, பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். பெட்டியில் வைக்கவே கூடாது. "என் அக்கா வீட்டுக்கு இந்தப் பார்சலைக் கொடுத்திடுங்க ஐயா" என்று சபையார் தருவதில் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். மறுப்பதற்குச் சங்கடமாக இருந்தால் பெட்டியில் இனி எடைக்கு இடமில்லை என்று சொல்லுங்கள். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

புத்தகங்களைக் குறைவாக எடுத்துப்போங்கள். உங்கள் சொந்தத் தமிழ் வேதாகமத்தை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் விற்பதற்கோ விநியோகிப்பதற்கோ கட்டுக்கட்டாகக் கொண்டுபோனால் அது சரக்கு. அதற்கு வேறு விதிகள்.

அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூருக்கு எஸ்.ஜி. அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்.டி.ஏ.சி. என்ற வருகைப் படிவங்களை இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

படி 6: இமிகிரேஷன் மேசையில்

பயப்பட ஒன்றுமில்லை. கேட்டதற்குச் சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

"எதற்காக வருகிறீர்கள்?"
"தமிழ் மெதடிஸ்ட் சபையில் வேதபாடம் எடுக்க. அனுமதிக் கடிதம் இதோ."
"எத்தனை நாள்?"
"பத்து நாள். திரும்பும் டிக்கெட் இருக்கிறது."
"எங்கே தங்குகிறீர்கள்?"
"சபைப் போதகர் வீட்டில். முகவரி கடிதத்தில் இருக்கிறது."

இவ்வளவு போதும். அதிகாரிக்கு அங்கேயே சாட்சி சொல்லத் தொடங்க வேண்டாம். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், அவர் வேலையைச் செய்யவிடுவதே நல்ல சாட்சி. தனி அறைக்குக் கூப்பிட்டாலும் பதறாதீர்கள். அது பல நேரங்களில் கூடுதல் சரிபார்ப்புதான். அழைத்த சபைப் பொறுப்பாளர் அந்த நேரத்தில் போனை எடுக்கும்படி முன்பே சொல்லிவையுங்கள். அனுமதி மறுத்தால் வாதாடாமல், காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

படி 7: மேடையிலும் வீடுகளிலும்

முதல் நாளே சபைப் போதகரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். சபையில் இப்போது என்ன வேதனை, என்ன பிளவு, எந்தத் தலைப்பைத் தொடக் கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். நீங்கள் பத்து நாளில் போய்விடுவீர்கள். நீங்கள் கிளறிவிட்டதை அவர்தான் ஆண்டுக்கணக்கில் ஆற்ற வேண்டும்.

நேரத்தைக் காப்பாற்றுங்கள். நம் ஊரில் ஒரு மணி நேரம் பேசிப் பழகியிருப்போம். அங்கே அடுத்த மொழி ஆராதனைக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும். முப்பது நிமிடம் என்றால் முப்பதுதான். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் பாதி நேரம் அவருடையது. வாக்கியங்களைச் சின்னதாக முடியுங்கள், முதல் நாள் இரவே வசனப் பகுதிகளை அவருக்குக் கொடுங்கள். எதுகை மோனையில் கட்டிய மூன்று தலைப்புகள் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிடும். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும், ஆனால் பிரசங்கத் தமிழ் புரியாது. அவர்களைக் கடிந்துகொள்ளாமல் எளிய தமிழில் பேசுங்கள்.

யார் முன் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். சிங்கப்பூரில் தங்குவிடுதிகளில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளிகள், வளைகுடாவில் முகாம்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், மாதத்தில் சில ஞாயிறு மட்டுமே வெளியே வரும் வீட்டுப் பணிப்பெண்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஏஜென்ட் கடன் தலைக்கு மேல் இருக்கும். இவர்களிடம் "விதைத்தால் நூறத்தனையாய் வரும்" என்று காணிக்கைப் பிரசங்கம் செய்வதை நான் பாவம் என்றே சொல்வேன். ஊரில் பிள்ளை பிறந்ததை வீடியோவில் மட்டும் பார்த்த ஒரு தகப்பனுக்கு ஆறுதலாக ஒரு சங்கீதத்தை நிதானமாகத் திறந்து விளக்குங்கள். அந்த அரைமணி நேரம் வீண்போகாது.

டொரன்டோவிலும் லண்டனிலும் தமிழ்ச் சபைகளில் பெரும்பகுதி இலங்கைத் தமிழர். 1983-க்குப் பிறகு வீட்டை, உறவை, நிலத்தை விட்டு வந்த குடும்பங்கள் அவை. தமிழ்நாட்டிலிருந்து போகும் நாம் அவர்கள் போரை நம் பிரசங்க உதாரணமாக்கக் கூடாது. 2009-ஐப் பற்றி அவர்கள் பேசினால் கேளுங்கள். தீர்ப்புச் சொல்லவோ, "தேவ சித்தம்" என்று முடிக்கவோ வேண்டாம்.

"உங்களுக்கு எந்த ஊர்? யார் மகன்?" என்று விசாரிக்கும்போது நாம் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம் என்பது கேட்கப்படுகிறவருக்கு நன்றாகத் தெரியும். சாதியை விட்டு ஓடிவந்த பலர் அந்தச் சபையில் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

வீட்டுச் சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள், சபை மூப்பரோ அவர் மனைவியோ உடன் வரட்டும். பிள்ளைகள் மத்தியில் ஊழியம் என்றால் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாட்டுச் சபைகள் பாதுகாப்பு விதிகளில் கண்டிப்பாக இருக்கும். போலீஸ் சான்றிதழ் கேட்டால் அவமானமாக நினைக்காதீர்கள். பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கிக் கொடுங்கள். நோயாளிக்கு ஜெபியுங்கள், மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். குறிப்பாக வளைகுடாவில், நம் ஊழியச் செய்தி மடலில் வரும் ஒரு முகம் ஒருவருடைய வேலையைப் பறித்துவிடலாம்.

படி 8: திரும்பி வந்தபின்

இரண்டு வாரத்துக்குள் அனுப்பிய சபையின் முன் நின்று நடந்ததைச் சொல்லுங்கள். வரவு செலவை ரசீதோடு மூப்பர்களிடம் கொடுங்கள். "ஆயிரக்கணக்கானோர் தொடப்பட்டனர்" போன்ற வரிகள் வேண்டாம். எத்தனை வகுப்பு எடுத்தோம், எந்தப் பகுதி பயன்பட்டது, எது எடுபடவில்லை என்று சொன்னால் அடுத்து போகிறவருக்கு உதவும்.

அழைத்த சபைக்கு நன்றிக் கடிதமும், வகுப்புக் குறிப்புகளின் நகலும் அனுப்புங்கள். அங்கே சேர்ந்த போன் எண்களை வைத்துத் தனியாக வாட்ஸ்அப் குழு தொடங்கிக் காணிக்கை கேட்பது, அந்தச் சபையின் ஆட்டைக் கலைப்பது. யாராவது ஆலோசனை கேட்டு அழைத்தால் பேசுங்கள், ஆனால் அவர்களை மறுபடி அவர்களுடைய போதகரிடமே அனுப்புங்கள்.

கடைசியாக, அனுமதிக் கடிதம், போர்டிங் பாஸ், அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரே கோப்பில் வையுங்கள். அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்-160 படிவம் கடந்த ஐந்து ஆண்டுகளில் போன நாடுகளைக் கேட்கும். அன்றைக்கு நினைவிலிருந்து எழுதாமல், இந்தக் கோப்பைப் பார்த்து எழுதலாம்.